சூழல் மாறினால் உயிரினங்கள் என்ன செய்கின்றன: மூணாறு, மறையூர், கம்பம் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேவிகுளம், உடும்பன்சோலை வட்டங்களின் தமிழ்வழிப் பள்ளிகளிலும், மலையிறங்கினால் போடி, கம்பம் பகுதிகளிலும் இயற்கை வகுப்பு எடுக்கும்போது மாணவர்களும் ஏலக்காய்த் தோட்டக்காரர்களும் ஜீப் ஓட்டுநர்களும் திரும்பத் திரும்ப எழுப்பும் ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றை நம்பி நிற்பதால், முதலிலிருந்து படிப்பது நல்லது.

தகவமைப்புன்னா ஒரு மிருகம் புது இடத்துக்குப் பழகிக்கிறதுதானே சார்?

இல்லை. கம்பத்திலிருந்து மூணாறுக்கு வேலைக்கு வந்தவர் முதல் மார்கழியில் நடுங்குவார். அடுத்த மார்கழியில் அவ்வளவு நடுங்கமாட்டார். அவருடைய உடல் குளிருக்குப் பழகிவிட்டது. ஊர் திரும்பினால் அந்தப் பழக்கம் போய்விடும், அவருடைய பிள்ளைக்கு அது பிறவியிலேயே வந்து சேரவும் சேராது. உயிரியலில் தகவமைப்பு என்பது மரபணு வழியாகப் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குச் செல்லும் ஒரு பண்பு. அந்தப் பண்பை உடையவை மற்றவற்றைவிடக் கூடுதலாகப் பிழைத்து, கூடுதலாகக் குட்டி ஈன்றதால், பல தலைமுறைகளில் அது கூட்டம் முழுவதும் பரவி நிலைபெறுகிறது. மாறுவது தனி விலங்கு அன்று, கூட்டம்.

சூழல் மாறும்போது ஓர் உயிரினம் இடம் பெயரலாம், நடத்தையை மாற்றிக்கொள்ளலாம், ஏற்கெனவே உள்ள மரபணு அனுமதிக்கும் எல்லைக்குள் உடல் வளைந்து கொடுக்கலாம், அல்லது தலைமுறைகள் வழியாக மரபே மாறலாம். இவற்றில் எதுவும் கைகூடாவிட்டால் அழிந்துபோகும். கீழே வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த நான்கையும் ஒன்றாகக் கலந்துவிடுவதால் எழுபவை என்பதால், ஒவ்வொரு கேள்வியிலும் நடப்பது இந்த நான்கில் எது என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

ஒட்டகச்சிவிங்கி எட்டி எட்டித் தின்னுதான் கழுத்து நீண்டுச்சுன்னு சொல்வாங்களே, அது தப்பா?

தவறு. வாழ்நாளில் உடல் அடையும் மாற்றம் பிள்ளைகளுக்குச் செல்லும் என்று பிரெஞ்சு அறிஞர் லமார்க் 1809-இல் எழுதினார். நம் வீடுகளில் எத்தனையோ தலைமுறைகளாகக் குழந்தைகளுக்குக் காது குத்துகிறோம். துளையோடு பிறந்த குழந்தை ஒன்றும் இல்லை. வைஸ்மன் என்ற ஜெர்மானிய உயிரியலாளர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தலைமுறை தலைமுறையாக எலிகளின் வாலை வெட்டிப் பார்த்தார். குட்டிகள் முழு வாலோடுதான் பிறந்தன.

டார்வினும் வாலஸும் 1858-இல் முன்வைத்த விளக்கம் வேறு. ஒரு கூட்டத்தில் எல்லாம் ஒரே அச்சில் இருப்பதில்லை. சில சற்று நீண்ட கழுத்தோடும் சில குட்டையாகவும் பிறக்கின்றன. இந்த வேறுபாடு தேவையைப் பார்த்து வருவதில்லை, தேவைக்கு முன்பே அங்கே இருக்கிறது. சூழல் அவற்றுள் சிலவற்றைக் கூடுதலாகப் பிழைக்கவிடுகிறது, அவ்வளவே. மாறவேண்டும் என்று விலங்கும் முடிவெடுப்பதில்லை, இயற்கையும் திட்டமிடுவதில்லை.

அதுக்கெல்லாம் லட்சக்கணக்கான வருஷம் ஆகுமே, யார் கண்ணால பார்த்தா?

பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் மரப்பட்டை நிறத்தில் புள்ளிகளோடு இருக்கும் ஓர் அந்துப்பூச்சி உண்டு. 1848-இல் மான்செஸ்டரில் அதன் முழுக்கறுப்பு வடிவம் முதன்முதலாகப் பதிவானது. ஆலைப் புகையால் மரங்கள் கறுத்தபோது வெளிர்நிறப் பூச்சிகள் பறவைகளின் கண்ணில் எளிதாகப் பட்டன. 1895-இல் அந்நகரத்துப் பூச்சிகளில் 98 விழுக்காடு கறுப்பாகிவிட்டன. 1956-இல் காற்றுத் தூய்மைச் சட்டம் வந்து புகை குறைந்த பிறகு வெளிர்நிறம் மீண்டும் பெருகியது. மரபு ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் திரும்பியதையும் மனிதர்கள் பதிவு செய்திருக்கிறார்கள் என்பதால் இதை நான் விரும்பிச் சொல்வதுண்டு.

கலாபகோஸ் தீவுகளில் ஒன்றான டாஃப்னி மேஜரில் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் இணையர் 1973 முதல் குருவிகளின் அலகை அளந்து வந்தனர். 1977-இல் கடும் வறட்சி. சிறு விதைகள் தீர்ந்து, கெட்டியான பெரிய விதைகளே எஞ்சின. ஒரு வகைக் குருவியில் ஏறத்தாழ 85 விழுக்காடு மடிந்தது. பிழைத்தவை பெரும்பாலும் தடித்த அலகுடையவை, அவற்றின் குஞ்சுகளுக்கும் அலகு தடித்திருந்தது. 1983-இல் பெருமழை பெய்து சிறு விதைகள் நிறைந்தபோது காற்று மறுபக்கம் வீசியது: சிறிய அலகுக்கு ஆதாயம் கிடைத்தது. "சிறந்த அலகு" என்று ஒன்று எப்போதைக்கும் இல்லை.

ஏலத்துக்கு அடிக்கிற மருந்து முன்ன மாதிரி கேக்க மாட்டேங்குது. பூச்சிக்குப் பழகிப் போச்சா?

தோட்டக்காரர்களிடமிருந்து மிக அதிகமாக வரும் கேள்வி இது. ஒரு பூச்சி மருந்தைக் குடித்துக் குடித்துத் தேறிவிடுவதில்லை. ஆயிரக்கணக்கான பூச்சிகளுக்கு நடுவே, நஞ்சைச் சிதைக்கும் நொதியைக் கூடுதலாகச் சுரப்பதோ, நஞ்சு போய்ப் பிடிக்கவேண்டிய இடம் உடலில் சற்று வேறு வடிவில் இருப்பதோ ஓரிரண்டு முன்பே இருக்கும். மருந்து அடித்ததும் மற்றவை சாகின்றன. அந்த ஓரிரண்டு, போட்டியே இல்லாத தோட்டத்தில் பெருகுகின்றன. ஏலச்செடியைத் தாக்கும் சிறு பூச்சியான ஏலப்பேன் முட்டையிலிருந்து முதிர்ச்சிக்கு வர ஒரு மாத அளவே ஆகிறது என்பதால், ஒரே மருந்தை அடுத்தடுத்து அடிக்கும் தோட்டத்தில் ஆண்டுக்குப் பல தலைமுறைகள் இந்த வடிகட்டலுக்கு உட்படுகின்றன. இங்கே தேர்ந்தெடுப்பது மருந்து. பூச்சி அடையும் மாற்றம் உண்மையான தகவமைப்பு.

இது புதிதும் அன்று. ஆப்பிள் மரங்களைத் தாக்கும் செதில்பூச்சி சுண்ணாம்பு-கந்தகக் கரைசலுக்குச் சாகாமல் நிற்பதை அமெரிக்காவில் மெலாண்டர் என்பவர் 1914-இலேயே எழுதினார். டி.டி.டி. பரவலான சில ஆண்டுகளுக்குள், 1940-களிலேயே, அதற்கு அடங்காத வீட்டு ஈக்கள் தென்பட்டன. இன்று 500-க்கும் மேற்பட்ட பூச்சி, சிலந்தி வகைகளில் ஏதேனும் ஒரு மருந்துக்கான எதிர்ப்பு பதிவாகியிருக்கிறது.

ஆனாலும், மருந்து கேட்காத ஒவ்வொரு முறையும் எதிர்ப்பு வந்துவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. ஏலப்பேன் விரியாத குருத்திலும் இலையுறைக்குள்ளும் பூவடிச் செதில்களிலும் பதுங்குவதால் தெளிப்பு அதைத் தொடாமலே போகலாம். அடித்த மாலையே மழை கழுவியிருக்கலாம். பூச்சியைத் தின்னும் பூச்சிகளை மருந்து முதலில் கொன்றிருக்கலாம். இது நடக்கும் அளவுக்குத் தோட்டங்களில் பேசப்படுவதில்லை என்பது என் எண்ணம். எதிர்ப்பு வந்துவிட்டதா என்பதை ஆய்வகத்தில் அளவிட்ட மருந்தைக் கொடுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அப்போ கொஞ்ச நாள் அடிக்காம விட்டா பூச்சி பழையபடி ஆயிடுமா?

சில வேளைகளில் ஆகும். நஞ்சைச் சிதைக்கும் நொதியை எந்நேரமும் சுரப்பது பூச்சிக்குச் செலவு. மருந்து இல்லாத தோட்டத்தில் அந்தச் செலவைச் சுமக்காத பூச்சிகளே முந்தும், எதிர்ப்பு மெல்லக் குறையும். செலவே வைக்காத மாற்றமாக இருந்தால் எதிர்ப்பு அப்படியே தங்கிவிடும். ஒரே வகையைச் சேர்ந்த மருந்துகளைப் பெயர் மாற்றி அடிக்காமல், செயல்படும் விதமே வேறான மருந்துகளைச் சுழற்சியாகப் பயன்படுத்தச் சொல்வது இதனால்தான். கடையில் புட்டியின் பெயரைப் பார்த்து வாங்கினால் போதாது, உள்ளே இருக்கும் மருந்தின் பெயரைப் பார்க்கவேண்டும்.

பருத்தி இதற்கு நல்ல பாடம். புழுவைக் கொல்லும் நஞ்சைச் செடியே உண்டாக்கும் பி.டி. பருத்தி 2002-இல் இந்தியாவுக்கு வந்தபோது, வயலில் 20 விழுக்காடோ சுற்றிலும் ஐந்து வரிசையோ சாதாரணப் பருத்தி நடவேண்டும் என்று விதி இருந்தது. அந்தச் சாதாரணச் செடிகளில் எதிர்ப்பில்லாத புழுக்கள் பிழைத்து, எதிர்ப்புள்ளவற்றோடு இணைந்து, எதிர்ப்பு பரவுவதைத் தாமதப்படுத்தும் என்பது கணக்கு. பெரும்பாலோர் நடவில்லை. இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்த நஞ்சுக்கு எதிர்ப்புப் பெற்றிருப்பது 2010-இல் குஜராத்தில் உறுதியானது.

மூணாறுல மழை கொட்டுது, மறையூர் தாண்டினா முள்ளுக்காடு. பக்கத்துப் பக்கத்துல எப்படி இவ்வளவு வித்தியாசம்?

மூணாறிலிருந்து சின்னாறு சாலை வழியே 60 கி.மீ. அளவுதான். மூணாறில் ஆண்டுக்கு 3,000 மி.மீ.க்கு மேல் பெய்யும் மழை, மலைத்தொடரின் மழைமறைவில் கிடக்கும் சின்னாறில் 500 மி.மீ. அளவுக்கு வந்துவிடுகிறது. மேலே ஈரச் சோலையும் புல்வெளியும் வரையாடும். கீழே முட்புதரும் நட்சத்திர ஆமையும், ஆற்றோர மரங்களில் சாம்பல் நிற மலையணிலும். நடுவே மறையூரின் சந்தனம்.

இந்த உயிர்கள் எல்லாம் அந்தந்த இடத்தில்தான் உருவாகித் தகவமைந்தன என்று நினைக்கவேண்டாம். வறண்ட நிலத்துக்கு வேறெங்கோ தகவமைந்து வந்த ஆமை சின்னாறில் தங்க முடிந்தது, மேலே ஏற முடியவில்லை. இடம் வடிகட்டியதும் உண்டு, இடத்திலேயே மாறியதும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்க அடுத்த கேள்வியில் வரும் தவளை உதவும்.

பாதாளத் தவளை அந்தப் பக்கம் இடவப்பாதியில வெளிய வருது, இந்தப் பக்கம் ஐப்பசியில வருதுங்கறாங்க. ரெண்டும் ஒண்ணா?

கேரளத்தில் பாதாளத் தவளை என்றும் மாவேலித் தவளை என்றும் சொல்லும் ஊதாநிறத் தவளையை இடுக்கியிலிருந்து பிஜுவும் பொசூயட்டும் 2003-இல் அறிவியல் உலகுக்கு அறிவித்தார்கள். அதன் நெருங்கிய உறவினர்கள் இந்தியப் பெருங்கடலில் செஷல்ஸ் தீவுகளில் இருக்கிறார்கள். இரு நிலங்களும் ஒட்டியிருந்த காலத்து வழித்தோன்றல். ஆண்டில் சில நாள் தவிர மீதிக் காலம் முழுக்க மண்ணுக்குள் இருந்து கறையானைத் தின்று வாழ்கிறது. மண்ணைத் தோண்டும் தடித்த கால், கூரிய மூக்கு, சிறிய கண் எல்லாம் அந்த வாழ்வுக்கு ஏற்றவை. தலைப்பிரட்டைகளோ, மலையோடைப் பாறையில் உறிஞ்சு வாயால் ஒட்டிக்கொண்டு பெருவெள்ளத்தில் நிற்கின்றன. ஒரே உயிரின் இரு பருவங்களுக்கு இரு வேறு தகவமைப்புகள்.

இனி உங்கள் கேள்வி. கேரளப் பக்கத்துத் தவளை தென்மேற்குப் பருவத்தின் தொடக்க மழைகளோடு இணைசேர வெளிவருகிறது. மலைத்தொடரின் கிழக்குச் சரிவில், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துக் காட்டிலிருந்து 2017-இல் இரண்டாவது இனம் ஒன்றை விவரித்தார்கள். ஊர்வன, இருவாழ்விகளை ஆய்ந்த சுப்பிரமணியம் பூபதியின் நினைவாக அதற்குப் பெயரிட்டார்கள். அது வடகிழக்குப் பருவமழையில் இனப்பெருக்கம் செய்கிறது. கிழக்குச் சரிவில் ஓடைகள் நிறைவது ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆனியில் வெளிவந்த தவளையின் முட்டை அங்கே காய்ந்திருக்கும், தாமதமாக வெளிவந்தவற்றின் முட்டை பிழைத்திருக்கும். இணைசேரும் மாதமே வேறானபின் இரு கூட்டமும் கலக்க வழியில்லை. மேலே ஏலப்பேனில் கண்ட அதே வடிகட்டல்தான், மருந்துக்குப் பதில் மழை நாட்காட்டி.

வயலோரத்துல அந்தியில பறக்கற பழுப்பு வண்ணத்துப்பூச்சிக்கு மழைக்காலத்துல சிறகுல கண் இருக்கு, கோடையில இல்ல. ரெண்டு ஜாதியா?

ஒரே இனம். புழு நெல், புல் தின்று வளரும்போது இருக்கும் வெப்பநிலையைப் பொறுத்துச் சிறகின் வடிவம் தீர்மானமாகிறது. மழைக்காலத்தில் வளர்ந்ததற்குக் கண்போன்ற வட்டங்கள் வருகின்றன; தாக்க வரும் பறவையோ ஓணானோ உடலை விட்டுச் சிறகின் விளிம்பைக் கொத்த அவை தூண்டும் என்று கருதப்படுகிறது. வறண்ட காலத்தில் வளர்ந்தது அசல் சருகு போலிருக்கும், அசையாமல் சருகோடு சருகாகக் கிடக்கும். மரபணு ஒன்றே, வெளிப்பாடு இரண்டு. முதல் பதிலில் சொன்ன நான்கில் இது மூன்றாவது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. சூழலைப் பார்த்து வடிவம் மாற்றும் அந்தத் திறன் மரபு வழி வந்தது, தேர்வில் தேறி நிலைத்தது. ஆகவே திறன் தகவமைப்பு, குறிப்பிட்ட ஒரு கோடையில் கண்ணில்லாமல் பிறந்தது தகவமைப்பு அன்று. வெப்பநிலையும் மழையும் பழைய ஒழுங்கில் சேர்ந்து வராத ஆண்டுகளில், பச்சைப் புல்லின் நடுவே சருகு நிறத்தில் உட்கார்ந்திருக்கவும் நேரும்.

கொன்னைப்பூ விஷுவுக்கு முன்னாடியே பூத்துக் கொட்டிடுது. மரம் மாறிடுச்சா?

மரம் மாறவில்லை. கொன்றை வெப்பத்துக்கும் வறட்சிக்கும் ஏற்பப் பூக்கிறது. அவை முன்னதாக வந்தால் பூவும் முன்னதாக வருகிறது. ஐம்பதாண்டு நிற்கும் ஒரே மரத்துக்கு மரபு மாறுவது என்பதே கிடையாது.

அரிக்கொம்பன் கடையை உடைச்சு அரிசி தின்னுச்சே, அதுவும் தகவமைப்புதானா?

சின்னக்கானல் பகுதியில் அரிசி தேடிக் கடைகளையும் வீடுகளையும் உடைத்த அந்த யானையை 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியார்க் காட்டில் விட்டார்கள். மே இறுதியில் அது கம்பம் ஊருக்குள் வந்தது. ஜூனில் தமிழக வனத்துறை மீண்டும் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோனது. இந்த வட்டாரத்தில் இதை அறியாதவர் இல்லை. அது செய்தது கற்றல். அரிசியில் குறைந்த உழைப்பில் நிறைய உணவு கிடைக்கிறது என்று தெரிந்துகொண்டது. கூட்டத்தில் மற்றவையும் பார்த்துக் கற்கலாம். ஆனால் அதன் கன்று அரிசி ஆசையோடு பிறக்காது.

வால்பாறை புதுத்தோட்டத்துச் சிங்கவால் குரங்குகளும் இப்படித்தான். மரத்திலிருந்து இறங்காது என்று பெயரெடுத்த விலங்கு, காடு துண்டுபட்டபின் தரையில் நடக்கிறது, சாலையைக் கடக்கிறது, குப்பையைக் கிளறுகிறது. "பழகிக்கிச்சு, பிழைச்சுக்கும்" என்று இதைப் பார்த்து நிம்மதி அடைபவர்கள் உண்டு. எனக்கு அந்த நிம்மதி இல்லை. நடத்தையை மாற்றுவது நாள் கணக்கில் நடக்கும், ஆனால் வண்டியில் அடிபடுவதையும் மின்கம்பியில் சிக்குவதையும் அது தடுப்பதில்லை. அங்கே சாலைக்கு மேலே கட்டிய கயிற்றுப் பாலங்கள் செய்யும் வேலையை மரபு மாற்றம் செய்ய எத்தனையோ தலைமுறை வேண்டும்.

தந்தத்துக்காகக் கொன்னதால மக்னா யானைங்க கூடிப்போச்சாமே?

ஆப்பிரிக்காவில் இது ஆய்ந்து காட்டப்பட்டிருக்கிறது. மொசாம்பிக்கின் கோரோங்கோசாவில் 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் யானைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது கொல்லப்பட்டன. போருக்கு முன் 18.5 விழுக்காடாக இருந்த தந்தமற்ற பெண் யானைகள் போருக்குப் பின் 50.9 விழுக்காடாயின. 2021-இல் வெளிவந்த ஆய்வு அதற்கான மரபணு மாற்றம் எக்ஸ் நிறப்புரியில் இருப்பதையும், அதே மாற்றம் ஆண் கருவைக் கொன்றுவிடுகிறது என்பதையும் சுட்டியது. துப்பாக்கியிலிருந்து காக்கும் பண்பே ஆண் கன்றுகளைக் காவு வாங்குகிறது.

நம் யானைகளில் பெண்ணுக்குப் பெருந்தந்தம் கிடையாது. மக்னா என்பது தந்தமில்லாத ஆண். இலங்கையில் ஆண்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் தந்தமில்லாதவை. நூற்றாண்டுகளாகக் கொம்பன்களைப் பிடித்ததும் கொன்றதும் இதற்கு ஒரு காரணமாயிருக்கலாம், தீவில் தொடக்கத்தில் வந்து சேர்ந்தவற்றின் மரபுத் தற்செயலும் சேர்ந்திருக்கலாம். பெரியாரில் 1970-80-களின் வேட்டை விட்டுச்சென்ற உடனடி விளைவு வேறு: வளர்ந்த ஆண் ஒன்றுக்குப் பெண் நூறு என்ற அளவுக்கு விகிதம் சரிந்தது, கன்று பிறப்பதே அரிதானது. 22 மாதம் சுமந்து, நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை ஈனும் விலங்குக்குத் தேர்வு வேலை செய்யுமுன் கூட்டம் சுருங்கிவிடும் ஆபத்துத்தான் பெரிது.

இப்பல்லாம் பாலக்காட்டுல எங்க பார்த்தாலும் மயில். ஈரமான ஊருக்கு அது பழகிடுச்சா?

மயில் மாறவில்லை, ஊர் மயிலுக்கு ஏற்றபடி மாறிவிட்டது. வறண்ட வெளியும் புதரும் விரும்பும் பறவை அது. வெப்பம் கூடி, நிலம் திறந்து, வேட்டையும் குறைந்த இடங்களுக்கு அது பரவுகிறது. கேரளத்தில் அது பெருகுவதைக் காலநிலை வறள்வதன் அறிகுறியாக ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள். நான்கு வழிகளில் முதலாவது இது: இடப்பெயர்ச்சி.

அப்போ வரையாடும் வெயில் கூடினா இன்னும் மேல ஏறிக்கும்ல?

எங்கே ஏறும்? தென்னிந்தியாவின் மிக உயரமான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். மலை மேலே போகப் போகக் குறுகுகிறது, புல்வெளியின் பரப்பும் சுருங்குகிறது. உச்சியில் இருக்கும் விலங்குக்கு அடுத்த குளிர்ந்த இடம் வேறொரு மலையின் உச்சி. நடுவே இருப்பது வெப்பமான பள்ளம்.

அந்தப் பள்ளம் எவ்வளவு பெரிய தடை என்பதைப் பாலக்காட்டுக் கணவாய் காட்டுகிறது. ஏறத்தாழ 30 கி.மீ. அகலம்தான். ஆனால் சோலைக்குள் வாழும் நீலநிறச் சிறு பறவை அதைக் கடப்பதில்லை. வடக்கே நீலகிரிப் பக்கம் ஓர் இனம், தெற்கே ஆனைமலை, பழனிப் பக்கம் வேறோர் இனம், இரண்டும் பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்தவை. சிரிப்பான் பறவையும் அவ்வாறே நீலகிரிக்கு ஒன்று, பழனிக்கு ஒன்று. இறக்கையுள்ளவற்றுக்கே இந்த நிலை.

கோட்டயத்துல கிணத்துல கண்ணில்லாத மீன் இருக்காம். இருட்டுல கண்ணைப் பயன்படுத்தாததால போச்சுன்னா, லமார்க் சொன்னது சரிதானே?

நல்ல மடக்கு. செம்பாறாங்கல் நிலத்தடி நீரில் வாழும் அந்தக் குருட்டுக் கெளுத்தியை 1950-இல் கோட்டயத்துக் கிணறுகளிலிருந்து விவரித்தார்கள். ஆனால் பயன்படுத்தாததால் கண் தேய்ந்து, அந்தத் தேய்வு பிள்ளைக்குப் போகவில்லை. வெளிச்சமுள்ள ஆற்றில் கண் கெட்டுப் பிறக்கும் மீன் இரையாகிவிடும். கண்ணைக் கெடுக்கும் பிறழ்வுகள் அங்கே சலித்து நீக்கப்படுகின்றன. முழு இருட்டில் அந்தச் சலிப்பு நின்றுவிடுகிறது. பிறழ்வுகள் சேர்ந்துகொண்டே போகின்றன. கண்ணையும் அதற்கான மூளைப் பகுதியையும் வளர்ப்பது செலவு என்பதால், கண்ணற்றவைக்கு ஆதாயமும் கிடைக்கலாம். ஒட்டகச்சிவிங்கிக் கேள்விக்குச் சொன்ன பதில் அப்படியே நிற்கிறது.

குறிஞ்சி 12 வருஷத்தை எப்படிக் கணக்கு வெச்சுக்குது? 2022-லயும் பூத்துச்சே!

நீலக்குறிஞ்சி 2006-இலும் 2018-இலும் இப்பகுதியில் பெருவாரியாகப் பூத்தது, அடுத்தது 2030. செடி ஒருமுறை பூத்து, விதைத்து, மடிகிறது. எல்லாம் ஒரே ஆண்டில் பூத்தால் விதை தின்னும் உயிர்கள் எவ்வளவு தின்றாலும் மிச்சம் இருக்கும். தனியாக வேறோர் ஆண்டில் பூத்த செடியின் விதை முழுதும் தின்னப்படும், மகரந்தம் கொண்டுவர இணையும் இருக்காது. ஒழுங்கு தவறியவற்றைச் சூழல் நீக்கிக்கொண்டே இருந்ததால் ஒழுங்கு கெட்டிப்பட்டது என்பது பெரிதும் ஏற்கப்படும் விளக்கம்.

2022-இல் சாந்தன்பாறை கள்ளிப்பாறை மலையில் பூத்தது பொய்யன்று. ஒவ்வொரு மலையின் கூட்டத்துக்கும் தனி நாட்காட்டி இருக்கலாம், அங்கிருந்து எண்ணினால் அதற்கு வேறு 12 ஆண்டு. மேலும், குறிஞ்சி வகைகள் மேற்குத் தொடர்ச்சி மலையில் பல. அவற்றின் இடைவெளியும் வேறுவேறு. எல்லாவற்றையும் ஒரே பெயரில் அழைத்துவிட்டுக் கணக்கு தவறியது என்கிறோம்.

உண்ணிச்செடி எங்க வேணா வாழுது. அதுக்கு மட்டும் எப்படி முடியுது?

1809-இல் கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்துக்கு அழகுச்செடியாக வந்த உண்ணிச்செடி, வெயிலிலும் அரைநிழலிலும் வறட்சியிலும் வளைந்து கொடுக்கிறது. பறவைகள் விதையைப் பரப்புகின்றன. தாயகத்தில் அதைத் தின்ற பூச்சிகள் இங்கே பெரும்பாலும் இல்லை. புதிய தகவமைப்பைவிட, கொண்டுவந்த கையிருப்பும் எதிரியின்மையும்தான் காரணம்.

பூமி முன்னயும் சூடாச்சு, குளிர்ந்துச்சு. அப்ப பிழைச்சது இப்ப பிழைக்காதா?

வாதம் பாதி சரி. நீலகிரியின் சதுப்புகளில் படிந்த பழைய தாவரக் கரியை ஆய்ந்தவர்கள், பல்லாயிரம் ஆண்டுகளில் சோலையும் புல்வெளியும் மாறிமாறி விரிந்து சுருங்கியதைக் காட்டினார்கள். குளிர்ந்து வறண்ட காலத்தில் புல் பரவியது, ஈரமும் வெப்பமும் கூடியபோது காடு ஏறியது. வரையாடும் சோலைப் பறவைகளும் அதோடு நகர்ந்து பிழைத்தவை.

மீதிப் பாதி வேகத்திலும் வழியிலும் இருக்கிறது. கடைசிப் பனியுகம் முடிந்து பூமி சில டிகிரி வெப்பம் கூடுவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆயின. 19-ஆம் நூற்றாண்டின் பின்பகுதியிலிருந்து இன்றுவரை, ஒன்றரை நூற்றாண்டில், ஒரு டிகிரிக்கு மேல் கூடிவிட்டது. ஏலப்பேனுக்கு இது ஆயிரத்துக்கும் மேற்பட்ட தலைமுறை, யானைக்கு ஆறேழு. பனியுகத்துப் பறவை நகர்ந்தபோது நடுவே தேயிலைத் தோட்டமும் யூகலிப்டஸும் வாட்டில் மரமும் நகரமும் இல்லை. கூட்டம் சிறுத்துவிட்டால் தேர்ந்தெடுக்க வேறுபாடே மிஞ்சாது. இயற்கைத் தேர்வு இருப்பதிலிருந்துதான் எடுக்கும், கேட்டதைச் செய்து தராது.

அப்போ வடக்க இருக்கற வரையாட்டைக் கொண்டுவந்து இங்க விட்டு மரபைக் கூட்டலாமே?

செய்து வென்ற இடம் உண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் முப்பதுக்கும் குறைவாகச் சுருங்கி, நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைந்து, வளைந்த வாலோடும் இதயக் குறையோடும் பிறந்துகொண்டிருந்த மலைச்சிங்கங்களோடு 1995-இல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் விலங்குகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். குறைகள் குறைந்தன, எண்ணிக்கை நூறைத் தாண்டியது.

தோற்ற இடமும் உண்டு. செக்கோஸ்லோவாக்கியாவின் டாட்ரா மலையில் ஆஸ்திரியாவிலிருந்து கொண்டுவந்து விட்ட மலையாடுகள் நன்றாகவே இருந்தன. பிறகு துருக்கியிலிருந்தும் சினாயிலிருந்தும் வெப்பநாட்டு மலையாடுகளைச் சேர்த்தார்கள். கலப்பில் பிறந்தவை பனிக்காலத்தில் இணையவேண்டியதற்குப் பதில் இலையுதிர்காலத் தொடக்கத்திலேயே இணைந்தன, குட்டிகள் பிப்ரவரியின் கடுங்குளிரில் விழுந்தன, கூட்டமே அழிந்தது. ஊதாத் தவளைக் கேள்வியில் சொன்ன நாட்காட்டிதான் இங்கே குறுக்கே வந்தது.

நம் வரையாடுகள் கணவாய்க்கு வடக்கும் தெற்குமாக நெடுங்காலம் பிரிந்தே வாழ்ந்தவை. இரு பக்கத்துக் கூட்டங்களும் மரபளவில் வேறுபட்டவை. ஆகவே ஒரே பக்கத்து மலைகளுக்குள் அறுந்துபோன புல்வெளி வழிகளை மீட்டு, வாட்டிலை அகற்றி, அவை தாமாக நடந்து கலக்க விடுவதே முதல் வேலை என்பது என் கருத்து. அதற்குப் பிறகும் கணவாய் தாண்டிக் கொண்டுவரத்தான் வேண்டுமென்றால், இரவிகுளத்தில் குட்டி ஈனும் காலமென்று பிப்ரவரி, மார்ச்சில் பயணிகளுக்குப் பூங்காவை மூடுகிறார்களே, அந்த மாதக் கணக்கு இரு பக்கத்துக் கூட்டங்களுக்கும் ஒன்றுதானா என்பதைச் சில ஆண்டுகள் பார்த்த பின்பே தொடங்கவேண்டும்.